மாமனாருக்கு ஜாஸ் விளக்கின கதை

ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஸ்ரீரங்கத்துல இருக்கற மாமனார ஸ்கூட்டர்ல ஏத்திக்கிட்டு தில்லை நகர் போகணும். கச்சேரி முடியற வரைக்கும் அவர எழுந்திரிக்க விடாமப் பாத்துக்கணும்.

கச்சேரி அவரோட மகனுடையது. அதாவது என் மச்சினன் குமரன். பேங்க் வேலைய விட்டுட்டு சென்னைல சாக்ஸபோன் வாசிக்கறான். வேலைய விட்ட நாள்லேர்ந்து ரெண்டு வருஷமா மாமா அவன்கிட்ட பேசறதில்ல. இப்ப மக அடம்புடிச்சதாலதான் வர்றதுக்கே ஒத்துக்கிட்டாரு.

"அப்பா பாதில எழுந்து வந்தாருன்னா, நீங்களும் வீட்டுக்கு வர வேணாம்"னு சொல்லித்தான் என் மனைவி அனுப்பி வச்சா.

கப்பலேறிப் போன வணிகன் மகனப் பத்தி ஒரு பழைய காவியமாம். யாரோ ஒரு இசையமைப்பாளர் அந்தக் காலத்துலயே அத ஏழு கட்டமா இசையாக்கி வச்சிருக்காரு. பாட்டு கெடையாது, வெறும் வாத்தியம். குமரனோட குழு அத ஜாஸா மாத்தி வாசிக்குது. இவ்வளவும் நோட்டீஸ்ல படிச்சதுதான், மத்தபடி எனக்கு ஒண்ணும் தெரியாது.

வண்டி நிறுத்த இடம் தேடி ஒவ்வொரு கிராஸ் தெருவா சுத்திட்டு உள்ள நுழைஞ்சா, வாசிக்கவே ஆரம்பிச்சிட்டாங்க.

மாமா முப்பது வருஷமா சபாவுல முன்வரிசை. அர்த்தம் தெரியாம ஒரு பாட்டையும் கேக்க மாட்டாரு. செருப்பக் கழட்டிட்டு உக்காந்ததுமே கேட்டாரு, "இது எந்தக் கட்டம், மாப்பிள்ளை?"

நோட்டீஸ்ல முதல் வரியப் பாத்தேன். "மகன் வீட்ட விட்டுக் கெளம்பறான், மாமா."

மேடைல ட்ரம்ஸ் அதிருது. குமரன் சாக்ஸபோனத் தூக்கிக்கிட்டு ஆடறான்.

"வீட்ட விட்டுப் போறவனுக்கு இவ்வளவு கும்மாளமா?"

"சின்ன வயசுதானே, மாமா."

"பேங்க்ல ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்தன்னிக்கும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டு நின்னான்."

துண்ட உதறித் தோள்ல போட்டாரு. அவர் கெளம்பப் போறாருன்னு அர்த்தம். நான் அவர் செருப்ப மெதுவா என் நாற்காலிக்கு அடில தள்ளிட்டேன்.

ரெண்டாவது, நோட்டீஸ்படி கடல்ல புயல். பியானோ மட்டும் தூங்க வைக்கற மாதிரி போயிட்டிருந்துச்சு.

"புயலா இது?"

"இப்பதான் உருவாகுது, மாமா."

கடைசி வரைக்கும் உருவாகல.

மூணாவது காதல். ட்ரம்ஸும் ட்ரம்பெட்டும் ஒண்ண ஒண்ணு அடிக்காத குறை.

"காதல்ங்கறீங்க, சண்டை மாதிரில்ல இருக்கு?"

"கல்யாணத்துக்கு அப்புறம் போல, மாமா."

திரும்பி என்னயே பாத்தாரு. நான் கட்டியிருக்கறது அவர் மகளத்தான்னு அப்பதான் எனக்கு நெனப்பு வந்துச்சு.

நாலாவது கடைத்தெரு. "காந்தி மார்க்கெட் மாதிரியே இருக்கே"ன்னாரு. அது ஒண்ணுலதான் நான் தப்பிச்சேன். அஞ்சுக்கும் ஆறுக்கும் என் விளக்கத்த அவர் காதுலயே போட்டுக்கல.

ஏழாவதுல எல்லாரும் நிறுத்திட்டாங்க. குமரன் மட்டும் கண்ண மூடிக்கிட்டு மெல்லிசா வாசிச்சான்.

"இது?"

"மகன் வீட்டுக்குத் திரும்பி வந்துட்டான், மாமா. விருந்து."

"விருந்துக்கா இப்படி அழறான்?"

எனக்கு சரக்கு தீந்துபோச்சு. வாய்க்கு வந்தத சொன்னேன். "உள்ள விடுவாங்களோ மாட்டாங்களோன்னு வாசல்லயே நிக்கறான் போல."

மாமா துண்டால மூஞ்சியத் தொடச்சாரு.

முடிஞ்சதும் செருப்பக் கூடத் தேடாம வெறுங்காலோட மேடைக்குப் போனாரு.

"ஏன்டா, நம்ம வீட்டுக்கு வர்றதுக்கு வாசல்ல நின்னு அழுவியா? வா, சாப்பிடலாம்."

குமரன் அவர் கையப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னான். அப்புறம் என்கிட்ட வந்து மெதுவா சொன்னான். "அத்தான், அது அவன் வீட்ட விட்டுப் போற கட்டம். கதைய கடைசிலேர்ந்து முதலுக்கு வாசிக்கப் போறோம்னு மைக்ல சொன்னோமே?"

"நாங்க அப்ப வண்டி நிறுத்திக்கிட்டு இருந்தோம்."

அடுத்த மாசம் தஞ்சாவூர்ல கச்சேரி. மாமா இப்பவே முன்வரிசைக்கு சொல்லி வச்சிட்டாரு. அதே நோட்டீஸ், வாசிக்கறதும் அதே மாதிரி கடைசிலேர்ந்து முதலுக்குத்தானாம். மாமாவுக்காக, மைக்ல சொல்றத மட்டும் நிறுத்திட்டாங்க.