டம்ளரை விடாத பாய்

ஒரு டம்ளர் டீயைக் கைமாற்றிக் கொடுக்க நாலு நிமிஷம் எடுத்துக்கொள்கிற மனிதர் இந்தப் புனேயிலேயே ஒருவர்தான் இருந்தார். ரஞ்சன்காவில் பம்ப் தயாரிக்கும் எங்கள் தொழிற்சாலையில், ஏற்றுமதிக் காகிதங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. 'பிடிச்சியா பாய்' என்றால் வாட்ச்மேனுக்கும் தெரியும்.

டம்ளரை நீட்டுவார்.

"பிடிச்சியா?"

"பிடிச்சிட்டேன் பாய்."

"நல்லா பிடிச்சியா?"

மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டுத்தான் விடுவார். "இனிமே சிந்துனா ஒம் பொறுப்பு." கோந்த்வாவில் மகள் கல்யாணத்தன்று, ஒரே சஹனில், அந்தப் பெரிய பொதுத் தட்டில், சாப்பிட உட்கார்ந்த மாப்பிள்ளை வீட்டார் நாலு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டார். பிரியாணி ஆறிப்போயிற்று.

அவருக்கு உதவியாளனான என்னிடம் மட்டும் இரண்டாம் வருஷத்திலிருந்து கேட்பதை விட்டுவிட்டார். நான் நீட்டுகிற காகிதத்தைப் படிக்காமலேயே கையெழுத்துப் போடுவார். பைத்தியக்கார மனுஷர்.

கன்டெய்னர் சரக்கென்றால் ஒப்பந்தத்தில் எஃப்சிஏ என்றுதான் எழுதுவார். துறைமுக யார்டில் கப்பல் கம்பெனியிடம் ஒப்படைத்ததோடு நம் பொறுப்பு முடிந்தது. அப்புறம் வாங்கியவர் பாடு. எஃப்ஓபி என்று எழுதினால், பெட்டி கப்பலில் ஏறும்வரை நம் தலையில்தான்.

"யார்டுல பத்து நாள் கெடக்கும் தம்பி. அதுவரைக்கும் நாம ஏன் காவல் காக்கணும்?"

மேனேஜருக்கு இது ஒத்துவராது. "சப் லோக் எஃப்ஓபி ஹி டால்தே ஹைன்!" என்று கத்துவார். ஊரே எழுதுகிறதாம், நாமும் எழுத வேண்டுமாம். ஒருநாள் பாயிடம் சொல்லாமல், ஒரு ஒப்பந்தத்தில் எஃப்சிஏவை எஃப்ஓபி ஆக்கும்படி என்னிடம் சொன்னார். மாற்றி, பாயிடம் நீட்டினேன். வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அந்த வருஷ மழையில், அந்தச் சரக்கு கிடந்த யார்டில் வெள்ளம் புகுந்தது. பம்ப்புகள் அத்தனையும் துரு. கப்பல் ஏறாத சரக்கு, ஆகவே நஷ்டம் எங்களுடையது. யார் கையெழுத்து இது என்று முதலாளி காகிதத்தை ஆட்டினார். மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார். நான் மேனேஜரைப் பார்த்தேன்.

"மேரா ஹை, சாப்" என்று, தன்னுடையதுதான் என ஏற்றுக்கொண்டார் பாய்.

இருபத்திரண்டு வருஷ வேலை அத்தோடு போயிற்று. மேனேஜருக்குப் பதவி உயர்வு, எனக்குப் பாயின் நாற்காலி. வாயைத் திறக்காமல் இருந்ததற்குக் கிடைத்த கூலி அது. இன்றும் அதில்தான் வெட்கமில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசி நாள் கேன்டீனில் பாய் எனக்கு டீ வாங்கி நீட்டினார்.

"பிடிச்சியா?"

இத்தனை வருஷம் கழித்து என்னிடம் கேட்டார். பிடித்துவிட்டேன் என்று மூன்று தடவை சொன்னேன். அப்போதும் டம்ளரிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை.

"சூடா இருக்கு தம்பி, பாத்து."