கம்பவுண்டர் வீட்டுக் கடல்

மதுரையில் கடல் இல்லை என்பதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் திருநகர் கம்பவுண்டர்தான். ஒரு டாக்டரின் கிளினிக்கில் ஊசி போடுவது அவர் வேலை. மாதம் ஒருமுறை ராமேஸ்வரத்துக்குப் பஸ் ஏறி, நான்கு கேன் கடல் தண்ணீரோடு திரும்புவார். மண்ணெண்ணெய் என்று சந்தேகப்பட்ட கண்டக்டரை ஒரு சொட்டு நக்கிப் பார்க்க வைத்தவர்.

அவர் வீட்டில் டிவி இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் சென்னையிலிருந்து வாளியில் போட்டு, மடியில் வைத்துக் கொண்டுவந்த ஒரு பவளம். விரிந்த காளான் மாதிரி இருக்கும். அதற்குள் படுத்துத் தூங்கும் இரண்டு கோமாளி மீன்கள். அவருக்கு அது போதும். அவர் மனைவிதான் சீரியல் பார்க்க எங்கள் வீட்டுக்கு வரவேண்டியிருந்தது.

ஒருநாள் தொட்டிக்கென்று புதிதாக வாங்கிய கல்லில் ஒட்டிக்கொண்டு மிளகு அளவில் ஒரு பழுப்புப் பூ வந்தது. "சும்மா வந்த பூ மாப்ள" என்று தெருவையே கூட்டிக் காட்டினார். பூ இல்லை அது, பக்கத்தில் இருப்பதையெல்லாம் கொட்டும் ஒரு கடல் பிராணி. விஷயம் தெரிந்ததும் இடுக்கியால் பிய்த்து எடுத்தார். பிய்ந்த துணுக்கெல்லாம் தனித்தனியாக வளர்ந்து, கொஞ்ச நாளில் முப்பதாகிவிட்டது. கொட்டு வாங்கிய பவளம் எலுமிச்சங்காய் அளவுக்குச் சுருங்கியது. மீன்கள் படுக்க இடமில்லாமல் மூலையில் நின்றன. கம்பவுண்டருக்குச் சோறு இறங்கவில்லை.

சுண்ணாம்பைக் கரைத்து ஊசியால் அதன் வாயில் செலுத்தினால் செத்துவிடும் என்று மீன் கடைக்காரர் சொன்னார். ஊசி என்றதும் நம்மவருக்கு உயிர் வந்துவிட்டது. நேரே வெற்றிலைக் கடைக்குப் போய்ச் சுண்ணாம்பு மட்டும் கேட்டார்.

"வெத்தலை எம்புட்டுண்ணே?"

"வெத்தலை வேணாம். ஊசி போடணும்."

அதற்குப் பிறகு அந்தக் கடைக்காரர் கிளினிக் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை டார்ச் பிடிக்க என்னை இழுத்துப்போனார். கையை முழங்கைவரை தொட்டிக்குள் விட்டு, "இம்புட்டுத்தான், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று ஒவ்வொன்றிடமும் சொல்லிச் சொல்லிப் போட்டார். பெரியவை எல்லாம் செத்தன. சின்னவை அத்தனையும் அடுத்த வாரம் கொழுத்து நின்றன.

"எப்பிடிண்ணே?"

"சின்னதுக்கு அரை டோஸ்தான் போட்டேன் மாப்ள. பச்சப்புள்ளைகளுக்கு அப்பிடித்தான போடுவோம்."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. "மீனுக்கு வீடு வேணுமா, வேணாமாண்ணே?" என்று கத்திவிட்டேன். அவர் சின்னதுகளுக்கும் முழு டோஸ் ஏற்றினார்.

சில வாரங்களில் பவளம் பழையபடி விரிந்தது. மீன்கள் இரண்டும் உள்ளே புகுந்து படுத்துக்கொண்டன. அவர் மனைவிகூடச் சீரியலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பார்த்தார். நான் தண்ணீர் குடிக்க அவர்கள் சமையலறைக்குப் போனேன். ஜன்னல் விளிம்பில் ஒரு ஊறுகாய் பாட்டில். உள்ளே கடல் தண்ணீர், அடியில் பழுப்பாக ஒன்று அசைந்துகொண்டிருந்தது.

"இது என்னண்ணே?"

"கடைசி ஒண்ணு. மனசு வரல மாப்ள. தனியாத்தான இருக்கு, யாரக் கொட்டப் போகுது?"

அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. விழுந்துவிடாமல் இருக்க, பாட்டிலைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துவிட்டு வந்தேன்.