கபூர் காக்காவின் வீக்கம் நீங்கிய வரலாறு

ஆதிகாலம் தொட்டு மனிதகுலத்தை வாட்டிவந்த நாட்பட்ட அழற்சி, கடைசியில் கல்முனையில் வைத்துத்தான் தோற்கடிக்கப்பட்டது. அந்தப் போரை நடத்திய ‘கரையோர மாற்று மருத்துவப் பேரவை’யின் செயலாளர் என்ற முறையில் இதை அடக்கத்தோடு அறிவிக்கிறேன்.

எங்கள் தளபதி ஜவாத். கைபேசி திருத்திக்கொண்டிருந்தவர். ஒரு வார இறுதியில் கொழும்புக்குப் போய் அக்குபங்சர் கற்று, ஞாயிறு பின்னேர பஸ்ஸில் ‘டாக்டர்’ ஆகத் திரும்பினார். போனுக்குள்ளும் உடம்புக்குள்ளும் ஓடுவது ஒரே கரண்ட்தான் என்ற பேருண்மை அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

முதல் நோயாளி நிந்தவூர் அப்துல் கபூர்; எங்களுக்கெல்லாம் அண்ணன் முறை என்பதால் ‘காக்கா’. வயல்காரர், சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் உண்டு. வலது கால் நெடுங்காலமாக வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரி மாத்திரைகளால், அதாவது குளிசைகளால், அவர் வயல் வரம்பில் நடந்து திரிந்தார் என்பதைத் தவிர வேறு பயன் இல்லை.

“குளிசையெல்லாம் நஞ்சு காக்கா. இண்டையோட நிப்பாட்டுங்க,” என்று சொல்லி, டாக்டர் நாற்று நடுவதுபோல் கணுக்காலைச் சுற்றி ஊசிகளை நட்டார்.

அடுத்த கிழமையே கால் இருமடங்கானது. மனைவி சபியா உம்மா டாக்டரிடம் பதறிக்கொண்டு வந்தார்.

“தம்பி, இன்னும் வீங்கிரிக்கே!”

“அதான் ராத்தா வேணும். உள்ளுக்கு ஒளிச்சிருந்த வீக்கம் வெளிய வருது.”

“காய்ச்சலும் காயுது.”

“அது அழற்சி எரியிற சூடு.”

“கால் கறுத்துப் போச்சு தம்பி, மணக்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகட்டா?”

“அவசரப்பட்டுக் கெடுத்திராதீங்க. இப்பதான் ஊசி பிடிக்கிது.”

ஊசி போட்ட இடம் ஊசிப்போவதும் சிகிச்சையின் ஒரு ‘கட்டமே’ என்று, வடையும் தேநீரும் பரிமாறப்பட்ட அவசரக் கூட்டத்தில் பேரவை ஏகமனதாகத் தீர்மானித்தது. காலுக்குரியவரைக் கூட்டத்துக்கு அழைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

தீர்மானங்களை மதிக்கத் தெரியாத சபியா உம்மா, அன்றே ஆட்டோ பிடித்துக் கணவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். காக்கா பிழைத்துக்கொண்டார். அந்தப் பெருமை ஊசிக்கே உரியது என்பதால் டாக்டருக்குப் பொன்னாடை போர்த்த விழா எடுத்தோம். ‘குணமடைந்தவர்’ என்ற முறையில் காக்காவையும் விழாவுக்கு அழைத்தோம். அவரும் மறுக்காமல், சக்கர நாற்காலியில், இடுப்பில் கட்டிய சாரனை நீள இழுத்துவிட்டபடி வந்தார்.

டாக்டர் மைக்கை நீட்டினார். “சொல்லுங்க காக்கா, இப்ப வீக்கம் இரிக்கா?”

காக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“வீக்கம் இல்ல,” என்றார். “வீங்கிறத்துக்குக் காலும் இல்ல.”

முதல் வாக்கியத்துக்கே மண்டபம் எழுந்து நின்று கைதட்டியதால், இரண்டாவது யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. ஆகவே நான் இன்னும் பலமாகத் தட்டினேன்.