தீவுத் தாடிக்காரரும் நானும்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே இருவரும் நலம், உடம்பளவில். அக்காவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லவும். உங்களை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

முப்பது வருஷத்துக்கு முன்பு உங்கள் வீட்டு முன்னறையில் கூடிப் பார்த்தோமே, அந்தத் தீவுத் தொடர், அதைத் தமிழில் பேசவைத்து இப்போது மறுபடி போடுகிறார்கள். கப்பல் உடைந்து, முன்பின் தெரியாத பத்துப் பதினைந்து பேர் ஒரு தீவில் ஒதுங்குவார்கள், ஆளே இல்லாமல் மலைமேல் மணி அடிக்கும், அதேதான். விளம்பரத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த முன்னறை அப்படியே கண்முன் வந்துவிட்டது. சாய்வு நாற்காலியில் உங்கள் அப்பா, தரையில் மற்ற எல்லோரும். ஆன்டெனாவைத் திருப்புவது மட்டும் மாடியில் குடியிருந்த என் பொறுப்பு. "தெரியுதா?" என்று நான் மேலிருந்து கத்துவேன். "தெரியுது, அப்படியே நில்லுங்க!" என்று உங்கள் தங்கை கீழிருந்து கத்துவாள். பாதித் தொடரை மொட்டை மாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நான் ரசித்தேன். இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

அப்போது அந்தத் தொடர் வந்த வெளிநாட்டு மொழி தெரிந்தவர் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்த நீங்கள் ஒருவர்தான். நீங்கள் சொல்லச் சொல்ல நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம். அதில் ஒரு தாடிக்காரர் வருவார், அச்சு அசல் என்னைப் போலவே. பொழுது சாயும்போது விளக்கோடு மலை ஏறுவார். "கப்பலுக்குச் சைகை காட்டப் போறார், தங்கமான மனுஷன்" என்றீர்கள். மூட்டை தூக்கினால் "காய்ச்சல்காரக் குழந்தைக்குச் சாப்பாடு" என்றீர்கள். தாடி வைத்தவனுக்கு மாடியை வாடகைக்கு விட்டோமே என்று அதுவரை புலம்பிக்கொண்டிருந்த உங்கள் அப்பாவே, "தாடிக்குள்ளயும் நல்ல மனசு இருக்கத்தான் செய்யுது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த மாதமே என்னைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுப் பெரியவங்களை வந்து பேசச் சொல்லுங்க" என்றார். அப்படி நடந்ததுதானே எங்கள் கல்யாணம்.

இப்போது தமிழில் கேட்டால் அந்த ஆள் பேசுவது என்ன தெரியுமா? "மலைமேல மூட்டின சைகைத் தீயை அணைச்சாச்சு, இனிமே ஒரு கப்பலும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது" என்று பல்லைக் காட்டிச் சிரிக்கிறான்! மூட்டையில் இருந்தது அத்தனையும் திருட்டு! கணவனை இழந்த அந்த அம்மா அவனைப் பளார் என்று அறைந்தாளே, "கன்னத்துல கொசு, அடிச்சிட்டா"ன்னு சொன்னீங்களே மச்சான், நியாயமா இது? கடைசியில அவனை மரத்தோட கட்டுவாங்க. "புயல் வருது, காத்துல போயிடக் கூடாதுன்னு பத்திரமா கட்டி வெக்கிறாங்க"ன்னு சொன்னீங்க, நாங்களும் தலையாட்டினோம். அந்தக் கட்டம் இன்னும் வரலை.

அந்த நல்லவரைப் பார்த்துத்தானே உங்க தங்கை என்னைக் கட்டிக்கிட்டா? நாலு நாளா என்கிட்ட பேச்சில்லை. தொடரைப் பார்க்கிறா, திரும்பி என்னைப் பார்க்கிறா, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு உள்ளே போயிடறா. அழறாளோன்னு பயமா இருக்கு. காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன் நான். ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டவங்ககிட்ட வெளியிலிருந்தே பேசிப் பேசித் தைரியம் சொல்லியிருக்கேன். அந்த வித்தையெல்லாம் இவகிட்ட எடுபடலை. நேத்து மனசு வெறுத்துப்போய்த் தாடியையே எடுத்துட்டு வந்து கதவைத் தட்டினேன். திறந்து, "யார் வேணும்?"னு கேட்டா. அவ்வளவுதான் பேச்சு.

அதனால் நீங்கள் உடனே அவளுக்கு ஃபோன் செய்து, "தமிழ்ல பேசவெச்சவங்க கதையை மாத்திட்டாங்க, நான் சொன்னதுதான் நிஜம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அத்தனை பொய் சொன்ன வாய்க்கு இன்னொன்று பாரமில்லை. கோபத்தில் எழுத உட்கார்ந்தேன், எழுத எழுத ஏக்கமாகிவிட்டது. உங்கள் அப்பா இருந்து, நாமெல்லாம் தரையில் உட்கார்ந்து, நீங்கள் கதை சொல்ல மாட்டீர்களா என்றிருக்கிறது. எனக்கு நீங்கள் சொன்ன தீவுதான் வேண்டும்.

பெரியவர் நீங்கள், கோபத்தோடேயே வணங்குகிறேன். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான். சட்டையை ஆணியில மாட்டிட்டுக் குளிக்கப் போயிருக்கார், பையில இந்தக் கடிதம் இருந்தது. தயவுசெஞ்சு ஃபோன் பண்ணிடாதே. அப்பா மனசு மாறணும், தாடிக்காரரை நல்லவரா ஆக்குன்னு உன்னைக் கெஞ்சினது நான்தான்னு இவருக்கு இன்னும் தெரியாது. அழவும் இல்லை, கோபமும் இல்லை, வாயைத் திறந்தா சிரிச்சிடுவேன், அதான் பேசலை. தொடர் முடிய இன்னும் ஒரு மாசம் இருக்காம். தான் நல்லவர்னு காட்டுறதுக்காக நாலு நாளா வீட்டுப் பாத்திரம் பூரா இவர்தான் கழுவுறார்.