அசையாத கொடியாள்

தரை என்ற ஒன்றே இல்லாத நாடு ஒன்று இருந்தது. இருந்ததெல்லாம் சதுப்பு நீரும், அதில் ஆளுயரத்தைத் தாண்டி வளரும் பாப்பிரஸ் கோரையும்தான். கோரையின் வேர்கள் ஒன்றோடொன்று பின்னித் திட்டுத்திட்டாக மிதக்கும். அவற்றின் மேல் மக்கள் குடிசை போட்டிருந்தார்கள். காற்று மேற்கே தள்ளினால் மேற்கே போவார்கள். திரும்பினால் திரும்பி வருவார்கள்.

கொடியாளின் திட்டு சிறியது. கணவன் இறந்துவிட்டான். கைக்குழந்தையும் ஓர் ஆடும் இருந்தன.

புதிதாகத் தேர்வான மன்னர் சட்டம் கொண்டுவந்தார். இடம் மாறாதவரே குடிமக்கள், மற்றவர்கள் அந்நியர். அந்நியருக்கு அந்தத் தண்ணீரில் இடமில்லை. அதிகாரி படகில் வந்தார். நீருக்கடியில் சேற்றில் கழி நட்டு, கொடியாளின் திட்டை அதில் இறுக்கிக் கட்டினார். கழியில் அவள் பெயரைச் செதுக்கினார். கொடியாளுக்குச் சந்தோஷம்தான். யாரும் அதுவரை அவள் பெயரை எதிலும் எழுதியதில்லை.

மழை பிடித்தது. நீர் ஏறினால் திட்டும் கூடவே ஏறுவது வழக்கம். இந்த முறை கயிறு விடவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொடியாள் அதிகாரியின் படகைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"ஐயா, கயித்தக் கொஞ்சம் இளக்கி விடுங்க. தண்ணி அடுப்புக்கு வந்துருச்சு."

"இளக்கினால் திட்டு அசையும். அசைந்தால் நீ அந்நியப் பெண்."

"முங்கினா?"

அதிகாரி யோசித்தார். "முங்கினால் குடிமகளாகவே முங்குவாய். எல்லோருக்கும் வாய்க்கிற பெருமையா அது?"

இப்படிப் பல முறையீடுகள் அரண்மனைக்குப் போயின. மன்னர் உடனே நடவடிக்கை எடுத்தார். நீர் ஏறுவதாகப் பேசுவது குற்றமானது. கயிறு தளர்ந்திருப்பதால்தான் வதந்தி பரவுகிறது என்று எல்லாக் கயிறுகளையும் குட்டையாக்கினார்கள்.

பக்கத்துத் திட்டு மாசாணம் சட்டத்தை மதிப்பவர். ஒருநாள் அவர் கூரையின் நுனி மட்டும் தெரிந்தது. மறுநாள் அதுவும் தெரியவில்லை.

கொடியாள் கோரை அறுக்கும் அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். திட்டு துள்ளி மேலே வந்து காற்றோடு போயிற்று.

காற்று திரும்பியபோது அவளும் திரும்பினாள். நீர் வடிந்திருந்தது. பாதித் திட்டுகளைக் காணவில்லை. கழிகள் மட்டும் பூமாலையோடு வரிசையாக நின்றன. தேர்தல் முடிந்து, மன்னர் ஒருமனதாக வென்றிருந்தார்.

தன் பெயர் இருந்த கழியில் அவள் கயிற்றைக் கட்டப்போனாள். அதிகாரி படகை வேகமாக ஓட்டி வந்தார்.

"கையை எடு. இது கொடியாளின் இடம்."

"நாந்தான்யா கொடியாள்."

அதிகாரி கழியை மரியாதையாகத் தொட்டுப் பார்த்தார்.

"கொடியாள் இங்கேயேதான் இருக்கிறார். ஒருநாளும் அசைந்ததில்லை, ஒரு குறையும் சொன்னதில்லை. போன வாரம் ஓட்டும் போட்டார். நீ யாரம்மா?"