நாலு பக்கமும் பொங்கிய பானை

சவர்க்காரம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கத் தெரிந்தவனைக் குசினிக்குள் விடக்கூடாது. கழுவத் தெரிந்தவன் பேசாமல் கழுவிவிட்டுப் போய்விடுவான்.

அறுபதுகளின் தொடக்கம். கிளிநொச்சியில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன் (பிள்ளைகள் பாவம்). உருத்திரபுரத்தில் வயல் செய்த தூரத்து மாமாவிடம், அவர் மகள் கமலத்தைப் பெண் கேட்டிருந்தோம். “பொங்கலுக்கு வாரும், அண்டைக்கு முடிவு சொல்லுறன்” என்றிருந்தார்.

பொங்கலன்று விடியப் போய் இறங்கினேன். பலகாரம் சுட்ட தாச்சியை மாமி சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதாக இல்லை. எனக்குள்ளிருந்த வாத்தியார் எழும்பிவிட்டார்.

“விடுங்கோ மாமி. சவர்க்காரத்துக்கு ரெண்டு முனை. ஒண்டு எண்ணெயைப் பிடிக்கும், மற்றது தண்ணியைப் பிடிக்கும். ரெண்டுமாச் சேர்ந்து ஊத்தையை இழுத்துக்கொண்டு போயிடும்.”

“எங்கட சம்பந்தப் பேச்சு மாதிரி,” என்றாள் கமலம், கதவுக்குப் பின்னாலிருந்து.

உடுப்புச் சவர்க்காரத்தைச் சீவிச் சுடுதண்ணீரில் கரைத்துத் தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். தாச்சியில் என் முகம் தெரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் புதுப் பொங்கல் பானை இருந்தது, கமலமும் பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சக் கரைசலை அதற்குள் ஊற்றி ஊறவிட்டு, ஒருதரம் கழுவிக் கவிழ்த்தேன். (மண்பானை தண்ணீர் குடிக்கும் என்று நானேதான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தேன்.)

முற்றத்தில் பால் பொங்கியது. கிழக்கே மட்டுமல்ல, நாலு பக்கமும். அரிசி போட்ட பிறகும் நுரை அடங்கவில்லை. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

“பார்த்தியளே! இந்தமுறை நெல்லுப் போட இடமிராது. எல்லாம் தம்பி வந்த ராசி!”

படைத்து முடிந்ததும் முதல் வாய் அவர்தான் வைத்தார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார்.

“தம்பி, பானையை என்ன செய்தனீர்?”

“கழுவினனான் மாமா.”

“எதால?”

சொன்னேன். மாமா வாழையிலையை மெதுவாக மடித்தார். என் கலியாணத்தையும் அதற்குள் வைத்து மடிப்பது போலிருந்தது.

மாமிதான் தாச்சியைத் தூக்கிக் காட்டினார். “இதைப் பாருங்கோ. இத்தனை வருசத்தில நீங்கள் ஒரு கோப்பை கழுவினனீங்களே? கழுவுற மாப்பிள்ளை வீடு தேடி வந்திருக்கு. விடப்போறியளோ?”

மாமா மகளைப் பார்த்தார்.

“எனக்கு ஓம் அப்பா,” என்றாள் கமலம். “ஆனா அலசப் பழக்கவேணும்.”

வைகாசியில் கலியாணம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது நான்தான். கறி கொஞ்சம் பிழைத்தால் போதும், என் பிள்ளைகள் தாயைப் பார்த்துக் கேட்பார்கள்: “அம்மா, இது நீங்கள் சமைச்சதோ, அப்பா கழுவினதோ?”