காயல் பக்கம் திரும்பு

சொந்தமாகப் பிள்ளை இல்லாதவர்களுக்குத்தான் பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஏகப்பட்ட விஷயம் தெரிந்திருக்கும். கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில் எனக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. என்ன சாப்பிடக் கொடுக்க வேண்டும், எப்படித் தூங்கவைக்க வேண்டும், எதற்கு அதட்டக் கூடாது என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அள்ளி வழங்கிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஊர் விருதுநகர். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டராக இருந்தேன். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிச் சொல்கிற வேலை. (சம்பளம் வாங்கிக்கொண்டு குற்றம் கண்டுபிடிப்பது. அதை என் மாமியார் சும்மாவே செய்வார் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.) வேலையை விட்டுவிட்டு வந்ததில் கை நமநமவென்று இருந்தது. குற்றம் கண்டுபிடிக்க ஆளில்லை.

கணவர் வீட்டார் சில தலைமுறைகளாகக் கொச்சியிலேயே இருக்கும் தமிழர்கள். ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்தால் மலையாளத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துவார்கள். கணவரின் அக்கா சுதா, எர்ணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறார். தினமும் படகில் போய்ப் படகில் வருவார். அவருடைய கணவர் துபாயில். அதனால் அவரும் அவர் மகள் மீனுவும் எங்களோடுதான். மீனுவுக்கு அப்போது நாலரை வயது. வீட்டுக்கு ஒரே கொச்சு. (இங்கே குழந்தையைக் கொச்சு என்பார்கள். கொச்சியில் கொச்சு என்று நான் செய்த ஜோக்குக்கு இதுவரை யாரும் சிரித்ததில்லை.)

கையில் போன் இல்லாவிட்டால் மீனுவுக்கு ஒரு வாய் சோறு இறங்காது. அந்தக் கோடை லீவு தொடங்கியதும் சுதா அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், லீவு முடியும்வரை குழந்தை கண்ணில் போனே படக் கூடாது என்று. சொல்லிவிட்டு அவர் படகேறிவிடுவார். பகல் முழுக்க அவளைச் சமாளிக்க வேண்டியது நானும் மாமியாரும்.

அப்போதுதான் எனக்குள் இருந்த மேதை விழித்துக்கொண்டாள். கம்ப்யூட்டரே இல்லாமல் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறேன் என்று கிளம்பினேன். ஒரு வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரிப்பது, வரிசைப்படுத்துவது, இது நடந்தால் அதைச் செய் என்று யோசிப்பது, இதெல்லாம் குழந்தைகளுக்கு விளையாட்டிலேயே வந்துவிடும், திரையே வேண்டாம் என்று சாப்பாட்டு மேசையில் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். மாமனார் மோர் கேட்டார். சுதா அக்கா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எதுன்னாலும் செய். கொச்சைப் பாத்துக்கிட்டா மதி எனக்கு" என்றார். (மதி என்றால் போதும்.) அவர் கேட்டது அது ஒன்றுதான்.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து வாசல் முற்றத்தில் ஒரு சின்னப் பட்டாளம் கூடியது. முதல் நாள் பாடம், சாயா போடுவது. அவர்கள் சொல்லச் சொல்ல நான் அப்படியே செய்ய வேண்டும். பாலை ஊற்று என்றார்கள். எதில் என்று சொல்லவில்லையே, தரையில் ஊற்றினேன். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை.

பிறகு ரோபோட் விளையாட்டு. வாட்டர் ஹீட்டர் வந்த நீளமான அட்டைப்பெட்டியில் கண்ணுக்கு ஓட்டை போட்டேன். அதைக் கவிழ்த்துக்கொண்டால் முழங்கால்வரை மறைந்து, பெட்டிக்கே கால் முளைத்த மாதிரி இருக்கும். ஒருவர் ரோபோட், ஒருவர் கமாண்டர். கமாண்டர் சொல்வதை மட்டும்தான் ரோபோட் செய்யும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. சிரிக்காது, அழாது. விதிகளை எல்லாம் நானே உட்கார்ந்து யோசித்தேன்.

சிக்கல் ஒன்றே ஒன்று. அந்த வயதில் யாருக்கும் இடதும் வலதும் உறுதியாகத் தெரியவில்லை. சோற்றுக்கை, பீச்சாங்கை என்று பார்த்தால் ஒரு பையன் இரண்டு கையாலும் சாப்பிடுகிறவன். அப்போதுதான் கவனித்தேன், இந்த ஊரில் பெரியவர்களே இடது வலது பார்த்து வழி சொல்வதில்லை. காயல் பக்கம் போ, அம்பலத்துப் பக்கம் திரும்பு என்பார்கள். (அம்பலம் என்றால் கோயில்.) அதையே கட்டளையாக வைத்துவிட்டேன். காயல் பக்கம் திரும்பு, மதில் வரும்வரை நட. பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். உள்ளூர் மண்ணுக்கேற்ற பாடத்திட்டம் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டின் காயல் பக்கத்தில் உயரமான மதிலும், அதன் நடுவில் தகரம் அடித்த கேட்டும் இருந்தன. எத்தனையோ தடவை ரோபோட்டுகள் அந்தக் கேட்டில் போய் டொம்மென்று முட்டி நின்றிருக்கின்றன. எல்லாம் சரியாக ஓடியது.

கேட் திறந்திருந்தால் என்ன ஆகும் என்று மட்டும் பார்க்கவில்லை. ஒரு டெஸ்டர்.

அன்று சாயங்காலம் கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் கேட்டைத் திறந்து போட்டபடி உள்ளே போனார். மீனு பெட்டிக்குள் இருந்தாள், பக்கத்து வீட்டு ஆயிஷா கமாண்டர். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? போனில் பெற்றோர் வாட்ஸாப் குழுவுக்குச் செய்தி அடித்துக்கொண்டிருந்தேன். 'நம் குழந்தைகள் இரண்டு மணி நேரமாகத் திரையே பார்க்கவில்லை!' கூடவே ஒரு போட்டோ, நாலைந்து பூ. எந்தப் பூவைப் போடுவது என்று வேறு யோசித்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது முற்றத்தில் பெட்டியைக் காணோம்.

முதலில் பயம் வரவில்லை. வீட்டுக்குள் போயிருப்பாள் என்று உள்ளே போனேன். அடுக்களையில் இல்லை, மாடியில் இல்லை. திரும்ப வெளியே வந்து திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கேட்டைத் தாண்டினால் பஜார் ரோடு. சுக்கும் மிளகும் ஏற்ற வந்த லாரிகள், ஆட்டோக்கள், வெயிலில் முகம் சிவந்த வெள்ளைக்காரர்கள், நடு ரோட்டில் படுத்திருக்கும் ஆடுகள். அதில் எங்கே போய்த் தேடுவேன்?

மாமியாருக்கு விஷயம் புரிந்ததும் அம்பலத்துப் பக்கம் ஓடினார், அங்கே மீனுவுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் கொடுக்கிற கடை ஒன்று இருக்கிறது. மாமனார் போனில் என் கணவரைக் கூப்பிட்டார். வீட்டிலிருந்த என் கணவரோ, "இதோ இங்கதானே இருக்கேன்" என்றார். (அந்த நேரத்திலும் இப்படி.) அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போர்ட் கொச்சி பக்கம் பறந்தார். தெருவே மீனு, மீனு என்று கத்தத் தொடங்கியது. சாயாக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டுக் கத்தினார்.

எனக்கு மட்டும்தான் தெரியும், அவள் பதில் சொல்ல மாட்டாள் என்று. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதே என்று நான்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவள் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாலும் திரும்ப மாட்டாள். வகுப்பிலேயே நல்ல மாணவி அவள்தான். இதை அவர்களிடம் சொல்லவும் நாக்கு எழவில்லை. நடுவாசலில் நின்றேன்.

அந்த நேரம் பார்த்து சுதா அக்கா படகிலிருந்து இறங்கி நடந்து வந்தார். தோளில் பை, கையில் ஒரு பொதி. தெருக்காரர்கள் அவரைப் பார்த்ததும் கத்துவதை நிறுத்திவிட்டார்கள். அவர் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டுக் கடைசியில் என் முகத்தைப் பார்த்தார்.

"கொச்சு எங்க?"

திரும்பி ஆயிஷாவைத் தோளைப் பிடித்து, நீ கடைசியாக என்ன கமாண்ட் கொடுத்தாய் என்று கேட்டேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு, நான் சொல்லிக் கொடுத்த அதே ராகத்தில் ஒப்பித்தாள்.

"காயல் பக்கம் திரும்பு. மதில் வரும்வரை நட."

கேட்டுக்கு நேர் எதிரே ஒரு பழைய சுக்கு கோடவுன். பஜார் ரோட்டில் பல கோடவுன்களுக்கு முன்வாசல் ரோட்டில், பின்வாசல் காயலில். முன்பெல்லாம் வள்ளத்தில் சரக்கு வந்து இறங்கிய படிக்கட்டுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. முன்னாலும் பின்னாலும் கதவு திறந்திருந்தால் எங்கள் வாசலில் நின்றே தண்ணீர் பளபளப்பதைப் பார்க்கலாம். அன்று பளபளத்தது. நேர்க்கோட்டில் மதிலே கிடையாது.

ஓடினேன். செருப்பு எங்கே போனதோ தெரியாது. ஒரு ஆட்டோக்காரர், "பெட்டி நடந்து போயது ஞான் கண்டு" என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். அவர் வண்டியை நிறுத்தி வழி விட்டாராம், பின்னால் வந்த வண்டிகளும் நின்றனவாம். ஒரு அட்டைப்பெட்டிக்கு இவ்வளவு மரியாதை. நான் நிற்கவில்லை. கோடவுனுக்குள் இருட்டு, கண்ணெரியும் சுக்குத் தூசி. கடவுளே கடவுளே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன்.

கடைசியில், பின்வாசலுக்குப் பக்கத்தில் அவளைப் பார்த்தேன். பின்வாசலில் பாதியை மறைத்துச் சுக்கு மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அதில் முட்டிக்கொண்டு பெட்டி நின்றது. மூட்டையை அவள் மதில் என்று நினைத்துக்கொண்டாள், நல்லவேளை. ஆனால் சுமட்டுக்காரர்கள் அந்த மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தலையில் ஏற்றி லாரிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். கோடவுனில் ஒரு பெட்டி நிற்பதை யார் கவனிப்பார்கள்? நான் பாதி தூரம் வருவதற்குள் பெட்டிக்கு முன்னால் இருந்த கடைசி மூட்டையும் போய்விட்டது.

பெட்டி நடக்கத் தொடங்கியது.

"மீனூ, நில்லு!" என்று கத்தினேன். நிற்கவில்லை. படிக்கட்டில் பாசி, அதற்குக் கீழே பச்சைத் தண்ணீர். மூட்டை மேல் விழுந்து எழுந்து, அவளைத் தாண்டி, முதல் படியில் குதித்து, தண்ணீருக்கு முதுகு காட்டி இரண்டு கையையும் விரித்து நின்றேன். பெட்டி என் வயிற்றில் டொம்மென்று முட்டி நின்றது.

நின்றது பெட்டி மட்டும்தான். நான் பாசியில் வழுக்கி மல்லாக்கக் காயலில் விழுந்தேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. விருதுநகரில் எங்கே நீந்துவது, குடிக்கவே லாரியில்தான் வரும். கண்ணைக் கட்டி, வாயெல்லாம் உப்பு, செத்தோம் என்று கையைக் காலை உதறினேன். மேலேயிருந்து ஒரு சுமட்டுக்காரர் நிதானமாக, "சேச்சி, எழுந்நேற்று நில்லு" என்றார். எழுந்து நின்றேன். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது.

இன்னொருவர் அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "இது பெட்டியல்ல, கொச்சாணு!" என்று அலறி அதைத் தூக்கினார். அதற்குள் சுதா அக்காவும் வந்து சேர்ந்துவிட்டார். பெட்டிக்குள்ளிருந்து வந்த மீனுவின் முகம் முழுக்க நனைந்திருந்தது, கண் சிவந்து, மூக்கு ஒழுகி, கன்னத்தில் சுக்குத் தூசி ஒட்டிக் கிடந்தது.

அக்கா அவளை வாரி அணைத்துக்கொண்டார். "எல்லாரும் கூப்பிட்டாங்களே மோளே. ஏன் பதில் சொல்லலை?"

"ரோபோட் பேசாது அம்மா. அழவும் அழாது, மாமி சொல்லியிருக்கா." விம்மிக்கொண்டே சொன்னாள். "எனக்குப் பேடியா, பயமா இருந்துது. அதான் சத்தம் வராம அழுதேன்."

நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அதைக் கேட்டேன். விழுந்தபோது கூட அவ்வளவு பயப்படவில்லை. ஒரு நாலரை வயசுக் குழந்தை, இருட்டுப் பெட்டிக்குள், பயத்தைச் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டிருக்கிறது, என்னிடம். அங்கேயே ஓவென்று அழுதுவிட்டேன். சுமட்டுக்காரர்கள் நான் குளிரில் அழுகிறேன் என்று நினைத்து ஒரு காலிச் சாக்கைப் போர்த்திவிட்டார்கள்.

சுதா அக்கா திட்டியிருந்தால் தேவலாம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கி, பள்ளிக்கூடம் திறந்த பிறகும் என்னிடம் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் மாமியாரிடம் சொல்வார், என் பக்கத்தில் இருக்கும் உப்பை மாமியார் என்னிடம் கேட்டு வாங்கி அவரிடம் கொடுப்பார். மீனுவை என்னோடு தனியாக விட மாட்டார். அது நியாயம்தான், எனக்கே என்னோடு தனியாக இருக்கப் பிடிக்கவில்லை.

ஓணத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சட்டென்று என் முன்னால் வந்து நின்று, "கிளம்பு" என்றார். எங்கே என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. மீனுவையும் கூட்டிக்கொண்டு வைட்டிலாவுக்குப் பக்கத்தில் ஒரு நீச்சல் குளத்துக்குப் போனோம். வகுப்பில் என் பேரையும் மீனு பேரையும் சேர்த்திருந்தார். தண்ணீரில் விழுகிற ஆளிடம் என் பிள்ளையை விட முடியாது, நீந்தக் கற்றுக்கொண்டால் விடுகிறேன் என்றார். அத்தனை மாதங்களில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

குளத்தில் எல்லாம் அரை டிக்கெட்டுகள். அவர்களுக்கு நடுவில் நான், தலையில் ரப்பர் தொப்பியோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏணியின் முதல் படியிலேயே நின்றேன். காயல் தண்ணீர் வாய்க்குள் போன ருசி திரும்ப வந்தது. பயிற்சியாளர் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். எனக்குப் பயமா இருக்கு, அழுகையா வருது என்று வெட்கமில்லாமல் சொல்லிவிட்டேன்.

மீனு அதற்குள் தண்ணீரில் இறங்கி என் காலடியில் வந்து நின்றிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அழலாம் மாமி, சத்தமாவே அழலாம். இறங்கிட்டு அழு."

கரையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுதா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது. பிறகு கையை எடுத்துவிட்டே சிரித்தார். நான் அழுதுகொண்டே இறங்கினேன்.

இப்போது எங்கள் வீட்டில் யார் எதற்குத் தயங்கினாலும் இதுதான் பதில். என் கணவர் மேனேஜரிடம் லீவு கேட்கப் பயந்தால், "இறங்கிட்டு அழு." மாமனார் பல் பிடுங்கப் போய் டாக்டர் வாசலிலேயே திரும்பப் பார்த்தால், "இறங்கிட்டு அழு." போன மாதம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அவர் முகம் சுருங்கிப் போயிருந்தது. நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அவரே எங்களைத் திரும்பிப் பார்த்து, "அறியாம், அறியாம்" என்று, எனக்கே தெரியும் என்கிற மாதிரி கையை ஆட்டிவிட்டு, உள்ளே போய்ச் சத்தமாக அழுதார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நானும் சுதா அக்காவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டோம்.